பள்ளிவாசல் கடிதம் இல்லாத ஆர்ப்பாட்டம்

வீதியில் ஆட்கள் கூடினால் உங்கள் தொலைபேசி அடிக்கும். கொழும்பிலிருந்து எம்.பி. இரண்டு கேள்விகள் கேட்பார். எத்தனை பேர்? எப்போது கலைவார்கள்? அரசியல்வாதிகளின் ஊடகச் செயலாளர்களாகப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு அறிக்கை எழுத நான் சொல்லித்தரத் தேவையில்லை. என்னைவிட நன்றாகவே எழுதுகிறீர்கள். ஆனால் வேலை அறிக்கையில் இல்லை, அந்த இரண்டு கேள்விகளுக்கும் சொல்லும் பதிலில் இருக்கிறது. பதினொரு வருடம் நான் பதில் சொன்னேன். அதற்கு முன் பதினேழு வருடம் கல்முனையில் பத்திரிகை நிருபராக இருந்தவன் என்பதால், தூரத்தில் நின்று ஒரு கூட்டத்தை எண்ணுவது எனக்குக் கைவந்த வேலை.

இப்போது எல்லாம் நேரலையில் வருகிறதே, எம்.பி.யே பார்த்துக்கொள்வாரே என்று நினைக்காதீர்கள். நேரலையில் முப்பது பேர் முந்நூறு பேராகத் தெரிவார்கள் என்பது அவருக்கும் தெரியும். நாட்டின் தலைவர் ஒருவரே வீதியில் நின்றவர்களுக்குப் பயந்து வெளியேறியதைப் பார்த்த பிறகு, அரசியல்வாதிகள் வீதியை முன்னைவிடக் கூடுதலாகக் கவனிக்கிறார்கள். ஆனால் முன்னைவிடக் குறைவாக நம்புகிறார்கள். ஆகவே நேரலையை அணைத்துவிட்டு உங்களைத்தான் கேட்பார்கள்: "உண்மையச் செல்லுங்க, எத்தின பேர்?"

எங்கள் கரையோர ஊர்களில் ஆர்ப்பாட்டத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வியாழக்கிழமை பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையின் கடிதத் தலைப்பில் ஒரு கடிதம் வரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். தொழுத கூட்டம் அப்படியே பதாகையின் பின்னால் பிரதான வீதிக்கு இறங்கும். பிரதேச செயலகம் வரை நடந்து, செயலாளரிடம் மகஜர் கொடுத்து, துஆ ஓதிக் கலையும். பகல் சோறு ஆறுவதற்குள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். அரசியல்வாதிக்கும் அதில் ஓர் ஒழுங்கு உண்டு. அந்த நேரத்தில் அவர் கொழும்பில் இருப்பார். மகஜரைக் கதிரையில் இருந்து வாங்காமல் வாசலுக்கு வந்து நின்று வாங்கும்படி பிரதேச செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பார். நாங்கள் அறிக்கையை வியாழக்கிழமையே எழுதிவிடுவோம்.

ஒருமுறை அப்படி எழுதிய அறிக்கை வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்குத் தானாகவே வெளியாகும்படி வைத்திருந்தேன். "கொளுத்தும் வெயிலிலும் அணிதிரண்ட மக்களின் உணர்வுகளை மதிக்கிறேன்" என்பது முதல் வரி. அன்றைக்கு மழை. குத்பாப் பிரசங்கம் முடியும் முன்பே வீதியில் முழங்கால் தண்ணீர் நின்றதால் ஊர்வலத்தை அடுத்த வாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பள்ளிவாசல் விறாந்தையில் மழை விடும்வரை ஒதுங்கி நின்ற முந்நூறு பேரும் தொலைபேசியில் எங்கள் அறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அண்ணன் முறை சொல்லி எனக்கே அழைத்தார். "காக்கா, சேர்ட செல்லி இந்த வெயிலக் கொஞ்சம் இஞ்சாலயும் அனுப்பச் செல்லுங்க."

எம்.பி. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு அவரே சிரித்துவிட்டார். நடக்காததை நடந்ததாகச் சொல்வதால் வரும் நட்டம் இவ்வளவுதான். நடப்பதை நடக்கவில்லை என்று சொன்ன நாளைப் பற்றித்தான் இனி எழுதப்போகிறேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. கல்முனைக்குத் தெற்கே எங்கள் ஊரின் பிரதான வீதியில், காலை ஒன்பது மணிக்குப் பிறகு பெண்கள் சிலர் மீன் பெட்டிகளைக் குறுக்கே அடுக்கிவிட்டுப் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். என்ன காரணம் என்பதை, பிறகு நான் அறிந்ததையும் சேர்த்து, இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஊரின் ஆழ்கடல் படகு ஒன்று நான்கு பேருடன் போய்ப் பதினாறு நாள் ஆகியிருந்தது. பன்னிரண்டு நாளில் திரும்பியிருக்க வேண்டும். படகை ஓட்டிப் போனவர் நௌபர். சனிக்கிழமை அவருடைய குரல் இன்னொரு படகின் வானொலிக் கருவியில் விட்டுவிட்டுக் கேட்டிருக்கிறது. எஞ்சின் நின்றுவிட்டது, நீரோட்டம் கிழக்கே இழுக்கிறது, குடிதண்ணீர் வெள்ளிக்கிழமை வரைதான். அதோடு தொடர்பு அறுந்தது. குரலைக் கேட்ட படகு தேடிப் பார்த்துக் காணாமல், திங்கட்கிழமை கரைக்கு வந்து செய்தியைச் சொன்னது. நௌபரின் மனைவி பரீதாவும் மற்றப் பெண்களும் படகு முதலாளியிடம் ஓடினார்கள். "ரெண்டு நாள் பாப்பம்" என்றார் அவர். கடற்றொழில் அலுவலகத்துக்கு அவர் கொடுத்திருந்த தகவலிலும் படகு பிந்துகிறது என்றுதான் இருந்தது. காணவில்லை என்று இல்லை. காணவில்லை என்றால்தான் தேடுதல் தொடங்கும். பெண்கள் கேட்டது அது ஒன்றைத்தான்: எங்கள் எம்.பி. கொழும்பில் வாயைத் திறந்து தேடுதலைத் தொடக்கிவைக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்கு முன்.

எம்.பி. பாராளுமன்றத்திலிருந்து அழைத்தபோது நான் வீதியின் மறுபக்கம், மருந்துக் கடை வாசலில் நின்றேன். முப்பத்துநான்கு பெண்கள். பதாகை இல்லை. ஒலிபெருக்கி இல்லை. ஆண்கள் ஓரத்தில் கைகட்டி நின்றார்கள். மறிக்கப்பட்ட பஸ்ஸின் நடத்துனர் இறங்கிவந்து கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"உம்மாமார், பொத்துவிலுக்குப் போகோணும். பிந்துது."

"நாளைக்கும் பொத்துவில் அங்கயேதான் இரிக்கும் மகன்" என்றார் ஒரு பெண். "எங்கட ஆக்கள்தான் ஓரிடத்துல நிக்காம இழுபட்டுப் போறாங்க."

இந்தப் பதில் எனக்குக் கேட்டது. ஒரு நிருபரின் காதில் விழுந்திருந்தால் அவன் வீதியைக் கடந்து போய் விசாரித்திருப்பான். நான் அப்போது நிருபர் அல்ல. எண்ணிச் சொல்பவன். இரண்டு அழைப்புகள் மட்டும் எடுத்தேன். பள்ளிவாசல் செயலாளர் "எங்களுக்கு ஒண்டும் தெரியாது" என்றார். கடற்றொழில் அலுவலகத்தில் பதிவைப் பார்த்து "போட் பிந்துது, அவ்வளவுதான்" என்றார்கள். அவர்கள் பதிவில் இருந்ததைச் சொன்னார்கள். நான் விசாரித்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

"பள்ளி லெட்டர் இரிக்கா?" என்றார் எம்.பி.

"இல்ல சேர்."

"ஆம்புளைகள்?"

"ஓரத்துல நிண்டு பாக்காங்க."

"முன்னுக்கு யாரு?"

"ஒருத்தருமில்ல சேர். எல்லாரும் சும்மா இரிக்காங்க."

"அப்ப?"

"பின்னேரம் அஸருக்குள்ள எழும்பிருவாங்க."

"ரெண்டு மணிக்கு மந்திரியச் சந்திக்கன், வேற அலுவலுக்கு. இதப் பத்திக் கதைக்கத் தேவல்ல, என்ன?"

"தேவல்ல சேர்."

அவர் சந்திக்கப் போன மந்திரிதான் கடற்றொழிலுக்கும் பொறுப்பானவர். இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் ஒரே அறையில் இருந்தார்கள்.

பெண்கள் நண்பகல் லுஹர் தொழுகையை வீதியிலேயே, மீன் பெட்டிகளுக்குப் பின்னால் வரிசையாக நின்று தொழுதார்கள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அதையும் அங்கேயே தொழுதார்கள். எழும்பவில்லை. பொலிஸ் பொறுப்பதிகாரி வந்து, வாகனங்களைக் கடற்கரைப் பாதையால் திருப்பிவிட்டுப் போனார். நான் அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எம்.பி.க்கு மறுபடி அழைத்து "நான் சொன்னது பிழை, இவர்கள் எழும்பவில்லை" என்று சொல்லியிருக்கலாம். தொலைபேசி மேசையில்தான் கிடந்தது. பத்திரிகையில் பிழை விட்டால் மறுநாள் ஒரு மூலையில் திருத்தம் போடுவோம். யாருடைய பிழை என்று யாருக்கும் தெரியாது. இந்த வேலையில் திருத்தத்தை உங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பிறகு முறை வைத்து வீட்டுக்குப் போவார்கள், அப்படியே குறைந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை காலை அவர்கள் தொகை கூடியிருந்தது. கடலில் இருந்த நான்கு பேரில் ஒருவர் பக்கத்துத் தமிழ்க் கிராமத்தவர். அவருடைய மனைவி புஷ்பம் தன் ஊர்ப் பெண்கள் இருபது பேரோடு வந்து, ஓர் அண்டாவில் தேத்தண்ணியும் இறக்கிவைத்திருந்தார். பத்து மணியளவில்தான் நான் வீதியைக் கடந்தேன்.

"எண்ணி முடிஞ்சா காக்கா?" என்றார் பரீதா. முப்பத்தைந்து வயதிருக்கும். பாயில் உட்கார்ந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். "நேத்து அங்கிட்டு நிண்டு எண்ணினீங்க. இண்டைக்குப் புஷ்பமக்காட ஆக்களையும் கூட்டிக்குங்க."

பெண்கள் சிரித்தார்கள்.

"எங்களக் கூட்டமாட்டார்" என்றார் புஷ்பம். "நாங்க இவங்கட எம்பிக்கு வோட்டுப் போடுற ஆக்கள் இல்லையே. தேடிப் போற கப்பல்காரனும் மூண்டு பேர ஏத்திட்டு, என்ட மனுசன மட்டும் விட்டுட்டு வருவானாக்கும்."

நான் பரீதாவிடம் சொன்னேன்: "பள்ளியில ஒரு லெட்டர் எடுத்திருந்தா இது லேசாப் போயிரிக்கும் தங்கச்சி."

"லெட்டர்ல கையொப்பம் வைக்கிறவர்ர போட்டுதான் காக்கா அது."

படகு முதலாளி ஹாஜியார்தான் நம்பிக்கையாளர் சபையின் தலைவர். அது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். காணாமல் போனது யாருடைய படகு என்று மட்டும் நான் கேட்கவில்லை. படகு இருக்கும் இடத்தைக் கரைக்குக் காட்டும் கருவி பழுதாகி இரண்டு பயணம் ஆகிவிட்டதாம். திருத்தாமலேயே அனுப்பியிருக்கிறார். காணவில்லை என்று முறைப்பாடு போனால் முதல் கேள்வி அந்தக் கருவியைப் பற்றித்தான் வரும். படகு தானாக வந்துவிட்டால் கேள்வி இல்லை. ரெண்டு நாள் பாப்பம்.

கடிதம் இல்லாததால் ஆர்ப்பாட்டத்தில் கனம் இல்லை என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். கடிதம் ஏன் இல்லை, அதை யார் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். உங்களிடமும் இப்படி ஓர் அளவுகோல் இருக்கும். அது எந்தக் கையில் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

அங்கே நின்றபடியே எம்.பி.க்கு அழைத்தேன். சுருக்கமாகச் சொன்னேன்.

"ஹாஜியார்ர போட்டா?" என்றார். ஒவ்வொரு தேர்தலிலும் ஹாஜியாரின் களஞ்சியம்தான் எங்கள் காரியாலயம். "அவர் என்னட்ட ஒண்டும் செல்லல்லியே. சரி, நான் அவரோட கதைக்கன். வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்கு வாறன். லெட்டரோட ஒழுங்காச் செய்வம்."

"வெள்ளிக்கிழம தண்ணி முடியிது சேர்."

"யாரு செல்லுற?"

"கடல்ல இருந்து நௌபரே செல்லியிரிக்கார்."

"நேத்து ஒண்டுமில்ல எண்டு நீங்கதானே செல்லின?"

"ஓம் சேர். பிழையாச் செல்லிட்டன்."

பின்னணியில் மணி அடித்தது. சபை கூடப்போகிறது. இன்னும் அரை நிமிடத்தில் அழைப்பைத் துண்டித்துவிடுவார். எங்கள் வேலையில் எழுதாத விதி ஒன்று உண்டு. தலைவரின் அழைப்பில் இருக்கும் தொலைபேசியை ஆர்ப்பாட்டக்காரர் கையில் கொடுக்கக்கூடாது. நல்ல விதி. அதை மீறி வேலை போனவர்களை எனக்குத் தெரியும். நான் குனிந்து தொலைபேசியைப் பரீதாவிடம் நீட்டினேன். அவர் ஏசினால் எம்.பி. வெட்டிவிடுவார். அழுதால் ஆறுதல் சொல்லிவிட்டு வெட்டிவிடுவார். இரண்டில் ஒன்று நடக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் சேர். நௌபர்ர பொஞ்சாதி கதைக்கன். சண்ட பிடிக்க இல்ல, ஒண்டு கேக்கத்தான். இவங்க கிடைக்காட்டி மையித்தும் வராது. அப்ப காயிப் ஜனாஸாதானே தொழுவிப்பாங்க. அதுக்கு வருவீங்களா சேர்?"

உடல் கிடைக்காதபோது இறந்தவருக்காகத் தொழும் தொழுகை அது. எங்கள் பக்கத்தில் எம்.பி. கல்யாணத்துக்கு வராவிட்டால் மன்னித்துவிடுவார்கள். ஜனாஸாவுக்கு வராவிட்டால் அடுத்த தேர்தல் வரை வைத்திருப்பார்கள். அவரும் எந்த ஜனாஸாவையும் தவறவிட்டதில்லை. எந்த நாட்டில் இருந்தாலும் தொலைபேசியிலாவது துஆ கேட்பார்.

மறுமுனையில் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

"வருவீங்க எண்டு தெரியும் சேர்" என்றார் பரீதா. குரல் உயரவில்லை. "அதுக்கு வாறத விட, இண்டைக்கு ஒரு வார்த்த கதைச்சா அந்தத் தொழுகையே தேவப்படாது. அவ்வளவுதான்."

தொலைபேசியைத் திருப்பித் தந்தார். நான் காதில் வைத்தேன். எத்தனை பேர் என்று எம்.பி. கேட்கவில்லை.

"போட்ர நம்பர் என்ன?" என்றார்.

அன்று பின்னேரம் அவர் மந்திரியிடம் பேசினார். ஹாஜியாரிடமும் பேசினார் போலும். மாலைக்குள் ஹாஜியார் கொடுத்திருந்த தகவல் "காணவில்லை" என்று மாறிவிட்டது. அந்தப் பக்கம் போகும் கப்பல்களுக்குச் செய்தி போயிற்று. வியாழக்கிழமை விடியலில் விமானம் தேடப் போனது. ஒன்றும் காணவில்லை. பெண்கள் வீதியை விடவில்லை. பஸ்களுக்கு ஒரு பக்கம் மட்டும் வழி விட்டார்கள். வியாழன் முழுக்க நானும் அவர்களோடு வீதியில் இருந்தேன். என் தொலைபேசி அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஐம்பது முகங்களும் என் பக்கம் திரும்பும். ஒரு தடவை என் மனைவி மரக்கறி வாங்கச் சொல்லி அழைத்தாள். அதற்கும் திரும்பினார்கள். அதன் பிறகு அழைப்பு வந்தால் எழும்பிப் போய், முதுகைக் காட்டி நின்று பேசப் பழகினேன்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்துவிட்டது. நம்பிக்கையாளர் சபையின் தலைப்பில், தலைவரின் கையொப்பத்துடன், காணாமல் போன மீனவர்களை மீட்கக் கோரி. ஜும்ஆ முடிந்து பெரும் கூட்டம் வீதிக்கு இறங்கியது. எம்.பி. முன்வரிசையில் நடந்தார், ஹாஜியார் அவருக்குப் பக்கத்தில். உட்கார்ந்திருந்த பெண்களைச் சுற்றிக்கொண்டு ஊர்வலம் போனது. பரீதா எழும்பவும் இல்லை, பார்க்கவும் இல்லை. அன்றைய அறிக்கையை நான்தான் எழுதினேன். அலையெனத் திரண்ட மக்களின் குரலுக்குச் செவிசாய்த்து எம்.பி. உடனடியாக எடுத்த நடவடிக்கை பற்றியது அது. இன்றைக்கும் எங்கள் ஊரில், எம்.பி.யை அசைத்தது அந்த வெள்ளிக்கிழமை ஊர்வலம்தான் என்று நம்புகிறார்கள். ஒரு தேவை என்றால் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை முற்பகல் ஒரு சரக்குக் கப்பல் அவர்களைக் கண்டது. நான்கு பேரும் ஹயாத்தாக, உயிரோடு இருந்தார்கள். தண்ணீர் வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. மீன் அறையில் எஞ்சிய ஐஸ் உருகிய தண்ணீரை நௌபர் மற்ற மூன்று பேருக்கும் கொடுத்திருக்கிறார். அவர் குடித்தது குறைவு. மூன்று பேர் ஒரு வாரத்தில் நடமாடத் தொடங்கினார்கள். நௌபரின் சிறுநீரகம் மட்டும் தேறவில்லை. இரத்தம் சுத்திகரிக்க வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். போன வருடம் மௌத்தானார். ஒரு நாள் முன்னதாகத் தேடியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா என்று வைத்தியரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். ஆகாது என்றும் அவர் சொல்லவில்லை.

நௌபர் இருந்தவரை நான் இதை எழுதவில்லை. இப்போது பரீதாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவர்கள் கரைக்கு வந்த மூன்றாம் நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பரீதா விறாந்தையில் நின்றார். முதலில் அவரிடம் சொன்னேன்.

"செவ்வாய்க்கிழம சேர் கேட்டார். ஒண்டுமில்ல எண்டு நான்தான் செல்லின."

"தெரியும் காக்கா" என்றார். "வீதிக்கு அந்தப் பக்கம் நிண்டு கதைக்கக்குள்ள உங்கட வாயப் பாத்துட்டுத்தான் இருந்த." உள்ளே நௌபர் கிடந்த பக்கம் பார்த்து, "அவர்ட செல்லாதீங்க" என்றார்.

ஏன் என்று கேட்டேன். "உள்ள போங்க, வெளங்கும்" என்றார்.

நௌபரின் உதடுகள் வெடித்திருந்தன. என்னைக் கண்டதும் கட்டிலில் நிமிரப் பார்த்தார். பேசும்போது இடையிடையே மூச்சு வாங்கினார்.

"கடல்ல கிடக்கக்குள்ள நாங்க நாலு பேரும் இதத்தான் காக்கா கதைச்ச. திங்கக்கிழம மத்தப் போட் கரைக்குப் போயிரும். செவ்வாய்க்கிழம பெண்டுகள் சும்மா இரிக்கமாட்டாங்க. காக்கா உடன எம்பிட காதுல போட்டிருவார், அவர் பேப்பர்ல இருந்த மனுசன், வெளங்கும் எண்டு நான்தான் செல்லின. அப்ப புதன்கிழம ப்ளேன் வரோணும். புதன்கிழம முழுக்க மாறிமாறி மல்லாந்து கிடந்து வானத்தப் பாத்தம். வரல்ல. நாங்கதான் தூரமா இழுபட்டுட்டம் எண்டு அவனுகளத் தேத்தி வெச்சன்."

பரீதா கட்டிலின் மறுபக்கம் வந்து நின்று என்னைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமயே செல்லியிருப்பீங்கதானே காக்கா?"

"ஓம் தம்பி" என்றேன். "செவ்வாய்க்கிழமயே."